சல்சாவா, பாப்பிங்கா? ஜோடி நடனத்துக்கும் தெரு நடனத்துக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு

"சல்சா வகுப்பில் சேரட்டுமா, ஹிப் ஹாப்பில் சேரட்டுமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். அலுவலகம் விட்டு வரும் வழியில் ஏதோ ஒரு மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டிருக்கும். கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளியைப் பத்து முறை போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆசை வந்துவிட்டது, எதில் சேருவது என்பதில்தான் குழப்பம்.

நான் சென்னையில் ஏழு ஆண்டுகள் ஜோடி நடனமான சல்சா ஆடிவிட்டு, பிறகு பாப்பிங் என்ற, தசையைச் சட்டென்று இறுக்கி விட்டு ஆடும் தெரு நடனத்தைக் கற்கத் தொடங்கியவள். இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கால் ஒத்துழைக்காமல் நடனத்தை விட்டவர்கள் மிகக் குறைவு. வகுப்புக்கு வெளியே ஆடுவதற்கு ஆளோ இடமோ கிடைக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். ஆகவே எந்த நடனம் அழகு, எது சுலபம் என்ற கேள்விகளைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் வாரம் எப்படிப் போகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

## எதை வைத்து அளப்பது

வகுப்பு இல்லாத செவ்வாய்க்கிழமை இரவில் எங்கே, யாரோடு ஆடுவீர்கள்? இதுதான் முதல் அளவுகோல், மற்றவற்றை விடக் கனமானதும் இதுவே. ஜோடி நடனத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஒருவரோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தாலும் வளர முடியாது, பலரோடு ஆட வேண்டும். தெரு நடனத்துக்கு ஒரு பாய் விரிக்கும் இடமும் கண்ணாடியும் போதும். ஆனால் தனியாகப் பயிற்சி செய்யும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இரண்டாவது, ஒரு பாட்டை முழுதாக மகிழ்ச்சியோடு ஆடுவதற்கு எத்தனை மாதம் காத்திருப்பீர்கள் என்பது. சில நடனங்கள் முதல் மாதமே பலன் தருகின்றன. சில ஓர் ஆண்டு கேட்கின்றன.

மூன்றாவது, உடல். முழங்காலா, மணிக்கட்டா, இடுப்பா, உங்களுக்கு எது பலவீனம் என்று உங்களுக்கே தெரியும். நான்காவது, கட்டண ரசீதில் வராத செலவு: செருப்பு, போக்குவரத்து, நுழைவுச்சீட்டு, காயம். ஐந்தாவது, தொடுகை. அறிமுகமில்லாதவர் கையைப் பிடிப்பதும் தோளில் கை வைப்பதும் உங்களுக்கு எந்த அளவுக்கு இயல்பு? இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. ஆனால் சேர்ந்த பிறகு யோசிப்பதைவிடச் சேரும் முன் யோசிப்பது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இசை இருக்கிறது. எந்த நடனத்தில் சேர்ந்தாலும் அதன் இசையை ஆயிரக்கணக்கான முறை கேட்கப் போகிறீர்கள். ஒரு வாரம் காலையில் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் நாளே அலுத்தால் அந்த நடனம் உங்களுக்கு வேண்டாம்.

வாரம் இரண்டு வகுப்பு, நடுவில் கொஞ்சம் பயிற்சி என்று வைத்துக்கொண்டு கீழே கால அளவுகளைத் தந்திருக்கிறேன். இவை நான் பார்த்த மாணவர்களை வைத்துச் சொல்லும் தோராயம்.

| நடனம் | துணை | முதல் பாட்டை மகிழ்ந்து ஆட | சுமை விழும் இடம் | ரசீதில் வராத செலவு |
|---|---|---|---|---|
| சல்சா | கட்டாயம் | 3–4 மாதம் | முழங்கால், தோள் | நடனச் செருப்பு, இரவுப் பயணம் |
| பச்சாட்டா | கட்டாயம் | 1 மாதம் | கீழ்முதுகு | நெருக்கம் பற்றிய சங்கடம் |
| டாங்கோ | கட்டாயம் | 1 ஆண்டு | பாதம், கணுக்கால் | ஆடும் ஊரைத் தேடிப் பயணம் |
| லிண்டி ஹாப் | கட்டாயம் | 3–4 மாதம் | முழங்கால், கெண்டைக்கால் | ஆடுவோர் குறைவு |
| பிரேக்கிங் | வேண்டாம் | 1 ஆண்டு | மணிக்கட்டு, தோள், கழுத்து | காயம், ஓய்வு நாட்கள் |
| பாப்பிங், லாக்கிங் | வேண்டாம் | 4–6 மாதம் | கழுத்து. லாக்கிங்கில் முழங்காலும் | தனிப் பயிற்சிக்கான பொறுமை |
| ஹவுஸ் | வேண்டாம் | 2–3 மாதம் | கணுக்கால், மூச்சு | நல்ல காலணி |

## சல்சா

கியூபாவின் சோன் இசையும் மாம்போவும், நியூயார்க்கில் குடியேறிய கியூபர்கள், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கையில் கலந்து உருவானது சல்சா. 1964-இல் அந்த நகரில் தொடங்கப்பட்ட ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோனதில் பெரும் பங்கு உண்டு.

எண்ணிக்கை எட்டு. ஒன்று, இரண்டு, மூன்றில் அடி; நான்கில் நிறுத்தம்; ஐந்து, ஆறு, ஏழில் அடி; எட்டில் நிறுத்தம். ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு எட்டு புதிதல்ல. சிரமம் வேறு இடத்தில் வரும். பரதம் கற்றவர்கள் தட்டடவு தட்டிய பழக்கத்தில் தரையை ஓங்கி மிதிப்பார்கள், எடை இரண்டு காலிலும் பாதிப் பாதியாக நிற்கும். சல்சாவில் ஓர் அடி வைப்பது என்றால் முழு எடையையும் அந்தக் காலுக்கு மாற்றுவது. மாற்றாவிட்டால் அடுத்த அடிக்கு எந்தக் காலை எடுப்பது என்று உடலுக்கே தெரியாமல் போகும். தொடக்கக்காரர்களின் தடுமாற்றத்தில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

மறு பாதி கையில் இருக்கிறது. என் முதல் ஆசிரியர் எனக்கும் என் ஜோடிக்கும் இடையில், உள்ளங்கைகள் சேரும் இடத்தில், ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். அழுத்தினால் தாள் கசங்கியது. தளர்த்தினால் நழுவி விழுந்தது. விழாமலும் கசங்காமலும் ஒரு பாட்டு முழுவதும் அது நிற்க மூன்று வாரம் ஆயிற்று. "இப்போது சுழலப் போகிறோம்" என்ற செய்தி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அந்த அளவான அழுத்தத்தின் வழியாகத்தான் போகிறது. வாயால் சொல்லி ஆடும் ஜோடியைப் பார்த்தால் கையில் இன்னும் தாள் நிற்கவில்லை என்று பொருள்.

நடத்துபவரை லீடர் என்றும், அந்த நடத்துதலைக் கேட்டு ஆடுபவரை ஃபாலோயர் என்றும் வகுப்பில் சொல்வார்கள். லீடருக்கு முதல் ஆறு மாதம் கடினம். காலையும் தாளத்தையும் பார்த்துக்கொண்டே அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும், பக்கத்து ஜோடியின் மேல் மோதாமல் துணையைக் காக்கவும் வேண்டும். ஃபாலோயர் விரைவிலேயே ஆடத் தொடங்கிவிடலாம், ஆனால் பிறகு ஓரிடத்தில் தேங்குவார். நல்ல லீடர்களோடு ஆடினால்தான் மேலே நகர முடியும். ஆண் லீடர், பெண் ஃபாலோயர் என்பது வழக்கம்தானே தவிர விதி ஆகாது. நான் மூன்றாம் ஆண்டில் லீடராகவும் கற்றேன். அதன் பிறகுதான் என் ஃபாலோயர் ஆட்டமும் தெளிந்தது.

ரசீதில் வராத செலவுக்கு வருவோம். ரப்பர் அடி வைத்த ஓட்டக் காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும்; உடம்பு சுழலும், பாதம் சுழலாது, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதனால் சில மாதங்களிலேயே மெல்லிய தோல் அடி வைத்த நடனச் செருப்பு தேவைப்படும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. தனிப் பையில் எடுத்துப் போக வேண்டும், அவ்வப்போது கம்பித் தூரிகையால் அடிப்பகுதியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். சென்னை வெயிலில் மாற்றுச் சட்டை இரண்டு, துண்டு ஒன்று. வாரக்கடைசி நடன மாலைக்கு நுழைவுக் கட்டணம், அங்கே ஒரு குளிர்பானம், இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்ப ஆட்டோ. பெண்கள் இந்தக் கடைசிச் செலவை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே திசையில் வீடு இருக்கும் இரண்டு தோழிகள் வகுப்பில் கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

இன்னொன்று. சல்சாவுக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. எண்ணிக்கையின் ஒன்றில் திசை மாறும் லாஸ் ஏஞ்சல்ஸ் பாணி, இரண்டில் திசை மாறும் நியூயார்க் பாணி, வட்டமாகச் சுற்றும் கியூபாவின் கசீனோ. ஊர் மாறினால் பாணியும் மாறலாம், அப்போது மூன்று மாதம் மறுபடி மாணவராக வேண்டியிருக்கும். சேரும் முன் உங்கள் ஊர் நடன மாலைகளில் எந்தப் பாணி ஓடுகிறது என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் ஊரில் வாரம் ஒரு நடன மாலையாவது நடக்கிறது, புதியவர்களோடு பழகப் பிடிக்கும், இரண்டு மாலைகளை ஒதுக்க முடியும் என்றால் சல்சாவே என் முதல் பரிந்துரை.

## பச்சாட்டா

டொமினிக்கன் குடியரசின் எளிய மக்களுடைய பாட்டு இது. கித்தாரும் ஏக்கமும் நிறைந்தது. நகரத்துப் பெரியவர்கள் நெடுங்காலம் இதைத் தாழ்வாகப் பார்த்தார்கள். அந்த நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ட்ருஹீயோ 1961-இல் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ஹோசே மனுவேல் கால்தெரோன் முதல் பச்சாட்டா இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். ஒதுக்கிவைக்கப்பட்ட அதே இசையையும் நடனத்தையும் 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

பக்கவாட்டில் மூன்று அடி, நான்காவதில் ஒரு தட்டல், இடுப்பில் சிறு அசைவு. முதல் வகுப்பிலேயே பாட்டோடு சேர்ந்து நகர்ந்துவிடலாம். தன்னம்பிக்கை குறைந்தவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

ஆனால் எந்தப் பச்சாட்டா என்று கேட்டே ஆக வேண்டும். டொமினிக்கன் பாணியில் ஜோடிகள் சற்று விலகி நின்று காலில் விளையாடுவார்கள். ஸ்பெயினில் வளர்ந்த சென்சுவல் பாணியில் உடல்கள் நெருங்கி அலைபோல் அசையும். இரண்டும் நல்ல நடனங்கள்தான். இரண்டாவதில் சேர்ந்துவிட்டு முதலாவதை எதிர்பார்த்தவர்கள் இரண்டே வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். எந்த நெருக்கத்தையும் மறுக்கும் உரிமை ஆடுபவருக்கு உண்டு. முதல் வகுப்பிலேயே ஆசிரியர் இதை வாய்விட்டுச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாத இடத்தில் நான் யாரையும் சேரச் சொல்ல மாட்டேன்.

சல்சா மாலைகளிலேயே பச்சாட்டாவும் போடுவார்கள் என்பதால் இரண்டில் ஒன்றுதான் என்று தவிக்க வேண்டியதில்லை. சல்சாவில் சேருங்கள், பச்சாட்டா தானாக வந்து சேரும்.

## அர்ஜென்டினா டாங்கோ

புவெனஸ் அய்ரஸிலும் மான்டிவிடியோவிலும் துறைமுக ஓரத்து ஏழை மக்களிடையே பிறந்தது. 2009-இல் அர்ஜென்டினா, உருகுவே இரண்டுக்கும் பொதுவான மரபாக யுனெஸ்கோ இதை ஏற்றது. தொலைக்காட்சிப் போட்டிகளில் கழுத்தை வெட்டித் திருப்பி ஆடும் டாங்கோ வேறு. இங்கே பேசுவது அணைப்புக்குள் நடக்கும் அமைதியான டாங்கோ.

முதல் ஆண்டின் பெரும்பகுதி நடக்கக் கற்பதில் போகும். ஆம், நடக்கத்தான். இன்னொருவரின் மார்புக்கு முன்னால், அவர் கால் விரலை மிதிக்காமல், ஒரே மூச்சில் நடப்பது அவ்வளவு கடினம்.

டாங்கோ கூடும் இடத்துக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே சில மரியாதைகள் உண்டு. ஆட அழைப்பவர் எதிரில் போய்க் கை நீட்டுவதில்லை. தூரத்திலிருந்து கண்ணால் கேட்பார், விருப்பம் இருந்தால் மற்றவர் மெல்லத் தலையசைப்பார், இல்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். யாருக்கும் தலைகுனிவு இல்லை. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாண்டா. அது முடியும்வரை ஒரே ஜோடி. நடுவில் "நன்றி" என்று சொன்னால் "இத்துடன் போதும்" என்று பொருள். தெரியாமல் மரியாதைக்காகச் சொல்லிவிட்டு ஜோடியை இழந்தவர்கள் உண்டு. எல்லாரும் தளத்தைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்வார்கள்.

ஐம்பதைத் தாண்டிவிட்டோம், இனி என்ன நடனம் என்று நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் டாங்கோவைச் சொல்வேன். குதிப்பது இல்லை, வேகத்தைவிடக் கவனமும் சமநிலையும் எடுபடும், எழுபது வயதுக்காரரோடு ஆட இளையவர்கள் காத்திருக்கும் நடனம் இது. குறை ஒன்றே ஒன்று: ஆடுபவர்கள் குறைவு. உங்கள் ஊரில் மிலோங்கா மாதம் ஒன்றுகூட இல்லையென்றால் பயணம் ஒரு நிரந்தரச் செலவாகிவிடும்.

## லிண்டி ஹாப்

நியூயார்க்கின் ஹார்லெமில் சவாய் என்ற நடனக்கூடம் 1926 முதல் 1958 வரை இயங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆட முடியாத காலத்தில் இருவருக்கும் கதவு திறந்திருந்த கூடம் அது. அங்கே ஸ்விங் என்ற ஜாஸ் வகை இசைக்கு வளர்ந்ததுதான் லிண்டி ஹாப். 1927-இல் அட்லான்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்கின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அங்கே ஆடிய ஃபிராங்கி மானிங் 1935-இல் ஜோடியை முதுகின் மேலாகச் சுழற்றி இறக்கிய அசைவுதான் இந்த நடனத்தின் முதல் வான்வீச்சு. ஸ்விங் மங்கிய பிறகு அவர் தபால் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். எண்பதுகளில் இளைஞர்கள் தேடி வந்து கேட்டபோது, எழுபது வயதை ஒட்டி மறுபடி கற்பிக்கத் தொடங்கினார். இந்த ஒரு வாழ்க்கைக்காகவே எனக்கு இந்த நடனத்தின் மேல் தனி அன்பு உண்டு.

துள்ளலும் சிரிப்பும் நிறைந்தது, நெருக்கம் குறைவு, சாதாரண கான்வாஸ் காலணியில் ஆடலாம். முழங்கால் நன்றாக இருந்தால், பெரிய வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் பிக் பேண்ட் ஜாஸ் பிடித்தால், தாராளமாகச் சேரலாம். நம் ஊர்களில் ஆடுவோர் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தே போவது இங்கே நல்ல வழி.

## 'ஹிப் ஹாப் வகுப்பு' என்ற பலகை

தெரு நடனப் பக்கம் வரும்போது முதல் குழப்பம் பெயரில் இருக்கிறது. பிரேக்கிங், பாப்பிங், லாக்கிங், ஹவுஸ் எல்லாம் தனித்தனி ஊர், தனித்தனி இசை, தனித்தனிப் பயிற்சி. வாசலில் 'ஹிப் ஹாப்' என்று பலகை வைத்திருக்கும் பல இடங்களில் உள்ளே நடப்பது இவற்றில் எதுவும் இல்லை. ஒரு பாட்டுக்கு முன்பே அமைத்த அசைவுகளைச் சொல்லித்தந்து, கடைசி வகுப்பில் காணொளி எடுப்பார்கள்.

அதில் தவறில்லை. வியர்க்கும், உற்சாகம் வரும், உடம்பு இளகும். ஆனால் அடுத்த மாதம் அடுத்த பாட்டு, பழையது மறந்துவிடும். ஓர் ஆண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஏதோ ஒரு பாட்டுக்கு "ஆடு" என்றால் கை கால் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார்கள். எந்தப் பாட்டு வந்தாலும் அந்த நொடியில் ஆட வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், அடிப்படைகளையும் ஃப்ரீஸ்டைலையும் கற்றுத்தரும் இடத்தைத் தேடுங்கள். 'வகுப்பில் சைஃபர் உண்டா?' என்று கேளுங்கள். சைஃபர் என்பது எல்லாரும் வட்டமாக நின்று, ஒருவர் பின் ஒருவராக நடுவில் வந்து ஆடுவது. இந்தச் சொல் தெரியாத ஆசிரியரிடம் தெரு நடனம் கற்க முடியாது.

## பிரேக்கிங்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பு. பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பாட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே கூட்டம் காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தத் துண்டை நீட்டிக்கொண்டே போகும் வழியைக் கண்டுபிடித்தார். அந்தத் துண்டுக்கு பிரேக் என்று பெயர். அதற்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதல் முறையாகப் பதக்கப் போட்டியாக நடந்தது. ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் வென்றார்கள். அதற்கு முன்பே, 2019-இல், ரெட் புல் பிசி ஒன் என்ற பிரேக்கிங் போட்டியின் உலக இறுதிச்சுற்று மும்பையில் நடந்திருக்கிறது. இந்தியாவில் ஆடுவோருக்குப் பஞ்சமில்லை.

தலைகீழாகச் சுழல்வதுதான் பிரேக்கிங் என்று பலர் பயப்படுகிறார்கள். நின்றபடி ஆடும் டாப்ராக்கில் தொடங்கும், பிறகு கை ஊன்றித் தரையில் கால் ஓட்டும் ஃபுட்வொர்க், சுழற்சிகள், கடைசியில் அப்படியே உறையும் ஃப்ரீஸ். ஆறு அடியில் ஒரு வட்டம் போடும் சிக்ஸ் ஸ்டெப் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். நாற்பது வயதில் தொடங்குபவரும் முதல் இரண்டு பகுதிகளோடு நின்று நிறைவாக ஆடலாம்.

செலவு காயத்தில் இருக்கிறது. மணிக்கட்டு வலி ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். நாள் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. நம் வீட்டு டைல்ஸ் தரை கடினம், வியர்வை பட்டால் வழுக்கும். பிராங்ஸ் பிள்ளைகள் அட்டைப்பெட்டியை விரித்து ஆடியது போல நாமும் ஏதாவது விரிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களின் பொறுமையும் தேவை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தலையில் சுழன்ற டென்மார்க் நடனக்காரர் ஒருவருக்கு உச்சந்தலையில் கட்டி வளர்ந்து, அறுவைச் சிகிச்சையில் அகற்ற நேர்ந்தது 2024-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பொறுப்பான ஆசிரியர் முதல் மூன்று மாதம் மணிக்கட்டையும் தோளையும் வயிற்றையும் பலப்படுத்துவார், அப்படிச் செய்யாதவரிடம் சுழற்சி கற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

## பாப்பிங், லாக்கிங்

இரண்டும் கலிபோர்னியாவில், ஃபங்க் இசைக்குப் பிறந்தவை. லாஸ் ஏஞ்சல்ஸின் டான் கேம்ப்பெல் எழுபதுகளின் தொடக்கத்தில், மற்றவர்கள் ஆடிய ஓர் அசைவைப் பிடிக்க முடியாமல் நடுவில் நின்று நின்று ஆடினார். அந்த நிறுத்தமே லாக்கிங் ஆயிற்று. சட்டென்று பூட்டிக்கொள்வது, விரல் நீட்டுவது, கைதட்டுவது, முகம் மலர்ந்து எதிரில் இருப்பவரோடு பேசுவது என்று இது கூச்சத்தைக் கரைக்கும் நடனம். பாப்பிங் ஃப்ரெஸ்னோ நகரத்து பூகலூ சாமும் அவருடைய எலெக்ட்ரிக் பூகலூஸ் குழுவும் வளர்த்தது. தசையைச் சட்டென்று இறுக்கி விடுவதுதான் அதன் உயிர். 1983-இல் மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சியில் பின்னோக்கி வழுக்கி உலகத்தை வியக்கவைத்த அசைவை, இந்த நடனக்காரர்கள் அதற்கு முன்பே பேக்ஸ்லைடு என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கற்றுத்தந்த இருபத்திரண்டு வயது ஆசிரியர் முதல் நாள் என் மேற்கையின் பின்புறத்தில் இரண்டு விரலை வைத்தார். "அக்கா, கையை அசைக்காதீர்கள். இந்த இடத்தை மட்டும் இறுக்கி உடனே விடுங்கள்" என்றார். தோள் ஏறியது, தாடை இறுகியது, அந்தத் தசை மட்டும் அசையவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் முயன்றேன். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது அது தனியாகத் துள்ளியது. பிறகு மறு கை, கழுத்து, மார்பு, தொடை என்று ஒவ்வொன்றாகப் போனது. நான்கு மாதம் கழித்துத்தான் பார்ப்பவர்களுக்குத் தெரியும் அளவுக்கு வந்தது.

வேலை நேரம் நிலையில்லாதவர்கள், சின்னக் குழந்தை உள்ள பெற்றோர், இரவில் வெளியே போக முடியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் பாப்பிங் போல ஒத்துவரும் நடனம் எனக்குத் தெரியவில்லை. குக்கர் மூன்று விசில் வரும் நேரத்தில் பயிற்சி செய்யலாம், காலணிகூட வேண்டாம். ஈடாக அது கேட்பது பொறுமை: பாராட்ட யாரும் இல்லாமல், கண்ணாடி முன் நின்று, ஒரே அசைவை நூறு முறை. கூட்டத்தால் உற்சாகம் பெறுபவர்கள் இதில் வாடிவிடுவார்கள்.

## ஹவுஸ், வேக்கிங், கிரம்ப்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹவுஸ், சிகாகோவிலும் நியூயார்க்கிலும் நடனக்கூடங்களில் வளர்ந்தது. கால் வேகமாக ஓடும், மூச்சு வாங்கும், ஓட்டப்பயிற்சி அலுத்தவர்களுக்கு நல்ல மாற்று. வேக்கிங், எழுபதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் தன்பாலீர்ப்பு கொண்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் கூடிய இடங்களில் டிஸ்கோ இசைக்கு உருவானது. கைகள்தான் எல்லாம், ஆகவே முழங்கால் வலி உள்ளவர்கள் பார்க்கலாம், தோள் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். கிரம்ப் 2000-களின் தொடக்கத்தில் அதே நகரின் தெற்குப் பகுதியில் கோபத்தையும் துயரத்தையும் அடிதடியில் கொட்டாமல் ஆட்டத்தில் கொட்டிய இளைஞர்களுடையது. உள்ளே எதையோ அடக்கிவைத்திருப்பவர்களுக்கு அது பெரிய விடுதலை. மூன்றுக்கும் ஆசிரியர் கிடைப்பதுதான் கடினம்.

## உங்கள் நிலையில் எது

ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள், அலுவலகத்தைத் தவிர யாரையும் தெரியாது என்றால் சல்சா. வகுப்பில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள். ஒரு மாதத்தில் இருபது பேரின் பெயர் தெரிந்துவிடும்.

கணவன் மனைவியாகச் சேர விரும்புபவர்களுக்குப் பச்சாட்டாவோ டாங்கோவோ. ஒரு நிபந்தனை: வகுப்பில் மற்றவர்களோடும் ஜோடி மாறி ஆடுங்கள். இருவர் மட்டுமே ஆடினால் ஒருவர் தவறை மற்றவர் பழகிக்கொள்வார், பிறகு வீட்டில் யார் தவறு என்ற வாக்குவாதம் வரும். இதை நான் பல ஜோடிகளிடம் பார்த்திருக்கிறேன்.

திருவிழாவில் மேளத்துக்கு ஆடி வளர்ந்தவர்களுக்கு உடம்பில் துள்ளல் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் லாக்கிங்கிலோ ஹவுஸிலோ சேர்ந்தால் மற்றவர்கள் ஆறு மாதத்தில் தொடும் இடத்தை இரண்டு மாதத்தில் தொட்டுவிடுவார்கள். சிறிய ஊரில், ஆசிரியரே இல்லாத இடத்தில் இருப்பவர்கள் தெரு நடனத்தையே எடுக்கலாம். பாப்பிங்கின் அடிப்படைகளைக் காணொளி பார்த்தும் ஓரளவு கற்க முடியும். ஜோடி நடனத்தில் அது முடியாது, கையின் அழுத்தத்தை எந்தத் திரையும் காட்டாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் யோசிக்காமல் பிரேக்கிங், நல்ல ஆசிரியர் என்ற ஒரே நிபந்தனையோடு.

## பணம் கட்டும் முன்

ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். நான் ஒருமுறை அப்படிக் கட்டினேன். மூன்றாம் மாதம் ஆசிரியர் விலகினார், அடுத்த வாரம் அந்தப் பயிலகமே மூடப்பட்டது, பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து மாதாமாதம்தான் கட்டுகிறேன். நூறு இருநூறு கூடுதலானாலும் பரவாயில்லை.

ஒரு ஜோடி நடனத்திலும் ஒரு தெரு நடனத்திலும் தலா ஒரு சோதனை வகுப்புக்குப் போய் வாருங்கள். வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம். தண்ணீர் குடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஓரமாக உட்காருங்கள். பழைய மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார்களா, இல்லை இன்னும் ஒரு பாட்டுப் போடச் சொல்லித் தாங்களாக ஆடுகிறார்களா என்று பாருங்கள். ஆடினால், அவர்களில் ஒருவரிடம் போய் வரும் சனிக்கிழமை எங்கே ஆடப் போகிறார்கள் என்று கேளுங்கள்.